ஸ்காட்லாந்து முறைத் திருமணம்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் ஒரு தாய். அவருடைய மகளும் மாப்பிள்ளையாக வரப்போகிறவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் வட ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் பக்கம், பிரிட்டன் குடியுரிமை. பெண்ணுக்கு ஊர் கோயம்புத்தூர். ஸ்காட்லாந்தில் அந்த ஊர் மரபுப்படி திருமணம் செய்துகொண்டு இருவரும் சிங்கப்பூருக்கே திரும்பிவிடுவார்கள். கோவையிலிருந்து நாற்பது பேர் போகிறார்கள். "முதலில் கோட்டையைப் பிடித்து முன்பணம் கட்டிவிடச் சொல்கிறார்கள். அதுதான் முதல் வேலையா? மரபு என்றால் எதையெல்லாம் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முன்பணம் கட்டுவதைச் சற்று நிறுத்திவையுங்கள். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். நண்பர்கள் வீட்டுத் திருமணங்களில் பஸ் ஏற்பாட்டிலிருந்து பந்தி வரை ஓடியாடி வேலை செய்திருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு திருமணம் ஆட்களால் ஆவது. இடம் அதற்குப் பிறகுதான். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது, வழக்கமும் அப்படித்தான் இருக்கிறது. யார் நடத்திவைப்பார், யார் வந்து கூடுவார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு முழங்கால் வலி, எத்தனை பேர் சைவம் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் பொருத்தமான இடம் தானாகத் தெரியவரும். கோட்டையிலிருந்து தொடங்கியவர்கள் பிறகு ஒவ்வொன்றையும் கோட்டைக்காக வெட்டிச் சுருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கிலாந்தின் நடைமுறையை இங்கும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற இடத்தின் எல்லைக்குள்தான் திருமணம் செல்லும். ஸ்காட்லாந்தில் அனுமதி நடத்திவைப்பவருக்கு. அவர் வரச் சம்மதித்து, நிலத்துக்குரியவரும் சம்மதித்தால் கடற்கரையிலும், மலைச்சரிவிலும், மாப்பிள்ளையின் பாட்டி வீட்டுத் தோட்டத்திலும் சட்டப்படி திருமணம் நடக்கும். கோட்டை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. இருவர் தங்கள் சம்மதத்தைச் சாட்சிகள் முன் சொல்லிவிட்டாலே திருமணம் ஆகிவிட்டது என்று ஸ்காட்லாந்துச் சட்டம் பல நூற்றாண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தது. 1753இல் இங்கிலாந்தில் ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணக்க முடியாது என்று ஆனது. எல்லையைத் தாண்டினால் அந்தத் தடை இல்லை. அதனால்தான் எல்லையோரச் சிற்றூரான கிரெட்னா கிரீனுக்கு இளம் காதலர்கள் குதிரை வண்டிகளில் ஓடிவந்தார்கள். அங்கே கொல்லர்களும் மற்றவர்களும் பட்டறைக் கல்லின் முன் நின்று திருமணம் செய்துவைத்தார்கள். 1856இல், இருவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்து அந்த ஓட்டத்தைக் குறைத்தது. வெறும் வாய்மொழி அறிவிப்பால் திருமணம் ஆகும் முறை 1940இல் முடிவுக்கு வந்தது. இன்றும் கிரெட்னாவில் பட்டறைக் கல்லின் முன் மணக்கப் பலர் வருகிறார்கள். இப்போது அவர்களும் எல்லோரையும் போலப் படிவம் நிரப்பித்தான் வருகிறார்கள்.

நடத்திவைப்பவரில் மூன்று வகை. அரசுப் பதிவாளர் நடத்தும் குடிமுறைத் திருமணம் ஒன்று. இதில் மதச் சடங்குக்கு இடமில்லை, மத வழிபாட்டுக்குரிய கட்டடத்திலும் நடத்த முடியாது. இரண்டாவது மதத் திருமணம். ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குரு வெட்டவெளியிலும் வந்து நடத்திவைப்பார். தேவாலயத்தை இங்கே 'கிர்க்' என்பார்கள். சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821இல் கட்டி முடித்த புனித ஆண்ட்ரூ ஆலயத்தை அங்கே இன்றும் அப்படித்தானே அழைக்கிறார்கள். மூன்றாவது, மதம் சாராத மனிதநேய அமைப்புகளின் செலிபிரன்ட், அதாவது திருமணம் நடத்திவைப்பவர், நடத்துவது. இதற்கு 2005இல் சட்ட ஏற்பு கிடைத்தது. முதல் திருமணம் எடின்பரோ விலங்குக் காட்சிச்சாலையில் நடந்தது. உங்கள் வீட்டுக்கு இந்த மூன்றாவது வகையைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு குடும்பங்களின் கதையையும் கேட்டு, அந்த இருவருக்காகவே உரையை எழுதுவார்கள். மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தையும் உங்கள் வீட்டு வழக்கத்தையும் ஒரே நிகழ்ச்சியில் வைக்கத் தயங்க மாட்டார்கள். நல்ல செலிபிரன்ட்டுக்குக் கோடைச் சனிக்கிழமைகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆகவே உங்கள் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும்.

இனி காகிதம். மணமக்கள் இருவரும் தனித்தனியே எம்10 என்னும் திருமண அறிவிப்புப் படிவத்தை, திருமணம் நடக்கும் பகுதியின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளையின் சொந்த ஊர்ப் பதிவாளர் என்று எண்ணிவிடாதீர்கள். சடங்கு நடக்கும் இடம் எந்தப் பகுதியில் வருகிறதோ அந்தப் பதிவாளர். மூன்று மாதத்துக்கு முன்பே கொடுக்க முடியாது. 29 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு வாரம் முன்பு கொடுத்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பிரிட்டன் அல்லது அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவருக்குக் குடிவரவு நிலை பற்றிய உறுதிமொழிப் படிவம், முன்பு மணமாகியிருந்தால் மணமுறிவு அல்லது இறப்புச் சான்று ஆகியவை இணைப்புகள். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் திருமணத்துக்குத் தடை இல்லை என்னும் சான்றும் கேட்பார்கள். உங்கள் மகள் இந்தியக் குடிமகள், வசிப்பது சிங்கப்பூரில்; எந்த அலுவலகம் தரும் சான்றை ஏற்பார்கள் என்று பதிவாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஒட்டிக்கொள்ளும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், இன்வர்னெஸ் பதிவாளருக்கு எப்படித் தெரியும்? சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். இன்றைக்கே மகளின் காகிதங்களை மேசையில் பரப்பிப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பதிவாளரிடம் இப்போதே சொல்லிவிட்டால், என்ன பிரமாணப் பத்திரம் போதும் என்று அவரே வழிகாட்டுவார். பதிவாளர் அலுவலகங்களில் எனக்குக் கிடைத்த உதவியை நான் மறக்க மாட்டேன். முன்கூட்டிக் கேட்பவர்களை அவர்கள் கைவிடுவதில்லை.

விசாவில் தவறு செய்துவிடாதீர்கள். மகள் சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்து திருமணம் செய்ய முடியாது. திருமணம் செய்துகொண்டு திரும்பிவிடுபவர்களுக்கென்றே திருமண வருகையாளர் விசா இருக்கிறது. ஆறு மாதம் வரை செல்லும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு பிரிட்டனிலேயே குடியேற எண்ணினால் அது வேறு விசா, வேறு செலவு. அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இப்போதே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். கோவையிலிருந்து வரும் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வழக்கமான வருகையாளர் விசா.

இந்த விசாக்களுக்கும் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். எம்10 படிவத்துக்கும் அதே மூன்று மாதம். அதாவது, ஓராண்டாகத் திட்டமிட்டாலும் அரசுக் காகிதங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் வந்து மோதும். பாஸ்போர்ட் விசாவுக்காகப் போயிருக்கும் வாரத்தில் பதிவாளர் பாஸ்போர்ட்டைக் கேட்பார். எனவே விசாவுக்குக் கொடுப்பதற்கு முன்பே சான்றொப்பமிட்ட நகல்களை எடுத்துவைத்து, எதை முதலில் அனுப்புவது என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் 'மேரேஜ் ஷெட்யூல்' என்னும் தாளை ஆயத்தம் செய்வார். ஒரு தாள்தான், ஆனால் அது நடத்திவைப்பவரின் கையில் இல்லாவிட்டால் திருமணம் இல்லை. குடிமுறைத் திருமணம் என்றால் பதிவாளரே கொண்டுவந்துவிடுவார். மத முறையிலோ மனிதநேய முறையிலோ நடந்தால் திருமணத்துக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்தான் அது வழங்கப்படும். யார் போய் வாங்க வேண்டும், அலுவலகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மலைநாட்டுச் சிற்றூர் அலுவலகங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. என் நண்பர் ஒருவரின் திருமணத்தில் அந்தத் தாளை விடுதி அறையின் மேசையில் விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். விடுதிக்கு நாற்பது நிமிடப் பயணம். மாப்பிள்ளைத் தோழன் காரை எடுத்துக்கொண்டு போய்வரும் வரை, தூறலில், குடைகளின் கீழ் எண்பது பேர் நின்றோம். மணப்பெண் அழாமல் இருக்க அவள் பாட்டி கதை சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து நான் கலந்துகொள்ளும் எந்தத் திருமணத்திலும் காலையில் என் முதல் கேள்வி, "ஷெட்யூல் யார் கையில் இருக்கிறது?" என்பதுதான்.

எந்த மாதம்? "மே மாதத்தில் மணந்தால் காலமெல்லாம் வருந்துவாய்" என்று இங்கே பழமொழி உண்டு. ஸ்காட்லாந்தை ஆண்ட மேரி அரசி 1567 மே 15 அன்று பாத்வெல் பிரபுவை மணந்தார். சரியாக ஒரு மாதத்தில், ஜூன் 15 அன்று, எதிர்த்து நின்ற பிரபுக்களிடம் சரணடைய நேர்ந்தது. மாப்பிள்ளையின் பாட்டி இதைப் பொருட்படுத்துபவராக இருந்தால் அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம். அவருக்குத் தடை இல்லை என்றால் என் தேர்வு மே மாதத்தின் பிற்பாதிதான். மேற்குக் கரையில் ஓரளவு மழை குறைந்த காலம், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். முக்கியமாக, மிட்ஜ் பூச்சி பெருகியிருக்காது.

மிட்ஜ் பற்றி விளம்பரப் படங்கள் சொல்வதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறிய கடிப்பூச்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மேற்கு மலைநாட்டில், காற்று அடங்கிய ஈரமான மாலையில் மேகம்போல் கிளம்பும். ஏரிக்கரையில் அசையாமல் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டிய நேரத்தில் முகமெல்லாம் கடித்தால் எந்தக் காதலும் முகத்தில் தெரியாது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று அடித்தால் அதனால் பறக்க முடியாது. ஆகவே கோடை நடுவில் வைத்தால், மரங்கள் சூழ்ந்த பள்ளத்தை விட்டுக் காற்று தவழும் மேட்டையோ கடலோரத்தையோ தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மலையெல்லாம் ஊதா நிறமாவது உண்மையிலேயே காணக் கிடைக்காத காட்சி. ஆனால் அந்த மாதம் முழுக்க எடின்பரோவில் கலைவிழா. அங்கே விடுதி அறை கிடைப்பதே அரிது. டிசம்பரில் இன்வர்னெஸ் பக்கம் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். கணப்படுப்பும் மெழுகுவத்தியுமாக அதற்கும் ஓர் அழகு உண்டு என்றாலும், கோவையிலிருந்து வரும் முதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது இடம். எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் புனித மார்கரெட் சிற்றாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நகரிலேயே மிகப் பழைய கட்டடம். இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் கொள்ளாது. ஸ்டோன்ஹேவன் அருகே கடற்பாறைமேல் நிற்கும் டனாட்டர் கோட்டையின் படம் எல்லோரையும் மயக்கும். அங்கே போக இருநூறுக்கு மேற்பட்ட படிகள், கூரை பெரும்பாலும் இல்லை. மூன்று கடல் ஏரிகள் கூடும் இடத்தில் இருக்கும் எய்லியன் டோனன் கோட்டை 1719இல் அரசுக் கப்பல்களின் பீரங்கிக்கு இரையாகி, இருநூறு ஆண்டு இடிபாடாகக் கிடந்து, 1932இல்தான் மீண்டும் எழுந்தது. இன்வர்னெஸ்ஸிலிருந்து அங்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்கை தீவு இன்னும் அழகு, இன்னும் தொலைவு. பல சாலைகள் ஒற்றைத் தடம், எதிர்வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஆங்காங்கே மட்டும் இடம்.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது, இன்வர்னெஸ்ஸைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும், தங்கும் அறைகளோடு கூடிய பழைய மாளிகை விடுதி ஒன்று. சடங்கு, விருந்து, ஆட்டம், உறக்கம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். கோட்டையில் நின்று படம் எடுக்க ஆசையிருந்தால் மறுநாள் மணமக்கள் மட்டும் போய்வரட்டும். மழைக்கு மாற்று இடம் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, இசை எத்தனை மணி வரை அனுமதி, மரத்தரை இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்தரை ஏன் என்று பிறகு சொல்கிறேன். வேறு வேறு விடுதிகளில் தங்கினால் கட்டாயம் பஸ் அமர்த்துங்கள். 2014 டிசம்பர் முதல் மது அருந்தி வண்டி ஓட்டுவதற்கான வரம்பு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமை: நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், அங்கே 80. ஒரு கோப்பைகூட ஆபத்து. மறுநாள் காலையும் கவனம் வேண்டும்.

உடை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்றாலும் உங்கள் வீட்டு ஆண்களும் கில்ட் என்னும், முழங்கால் வரை வரும் மடிப்பு ஆடையை உடுத்த விரும்பினால் தாராளமாக உடுத்தலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், மகிழ்ச்சியே அடைவார்கள். முறையான கில்ட்டுக்கு ஏறக்குறைய எட்டு கஜக் கம்பளித் துணி, பின்புறம் முழுக்க மடிப்பு, முன்புறம் தட்டை, விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். இடுப்பளவைப் பேண்ட் கட்டும் இடத்தில் எடுக்காமல் தொப்புள் உயரத்தில் எடுத்து அனுப்புங்கள்; அந்தத் தவறால் தொங்கும் கில்ட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வாடகைக்கே கிடைக்கும். அந்தத் துணியின் கட்டம் போட்ட வடிவத்தை டார்ட்டன் என்பார்கள். இந்தக் குலத்தார்தான் இந்த டார்ட்டனை அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் போன்ற மிகச் சிலவற்றை மட்டும் விட்டுவிடுவது மரியாதை. 1746இல் மலைநாட்டு உடையையே அரசு தடை செய்து, 1782 வரை அந்தத் தடை நீடித்தது. அதை நினைத்துப் பார்த்தால், ஒரு பெரியவர் தன் டார்ட்டனை ஏன் அவ்வளவு கவனமாக மடித்து வைக்கிறார் என்பது புரியும். காலுறையில் செருகும் சிறு கத்தியை விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

மகளுக்குப் பட்டுப் புடவையே போதும். சடங்கின்போது மாப்பிள்ளையின் தாய் தங்கள் குடும்ப டார்ட்டன் துணியை மணப்பெண்ணின் தோளில் ஊசியால் குத்திவிடும் வழக்கம் ஒன்று உண்டு. இனி நீ எங்கள் வீட்டுப் பெண் என்பது அதன் பொருள். அரக்குப் பட்டின்மேல் பச்சைக் கட்டம் போட்ட கம்பளித் துணி விழுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அருகில் நின்ற இரண்டு தாய்மாரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள்.

சடங்குகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டீர்கள். கைகளை டார்ட்டன் பட்டையால் கட்டும் வழக்கத்தை இப்போது பலரும் விரும்புகிறார்கள். அது பழைய காலத்தில் நிச்சயதார்த்தத்தின்போது கைகோப்பதிலிருந்து வந்தது. ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் சோதனைத் திருமணம் என்று சொல்லப்படும் கதையை வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. செலிபிரன்ட் அப்படிச் சொன்னால் அந்த வரியை விட்டுவிடச் சொல்லலாம். மணப்பெண்ணின் காலணிக்குள் ஆறு பென்னி நாணயம், சட்டையில் ஒரு கொத்து வெள்ளை ஹெதர், இவை செலவில்லாத அழகுகள். மணநாளுக்கு முன் மணமக்களைப் பிடித்து வெல்லப்பாகும் கரியும் மாவும் பூசி ஊர்வலம் விடும் வழக்கம் வடகிழக்குப் பகுதியிலும் ஆர்க்னித் தீவுகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அதற்குத் துணிந்தால் மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

நான் விடவே கூடாது என்று சொல்பவை இரண்டு. ஒன்று, க்வேய்க். இரண்டு கைப்பிடி வைத்த அகன்ற கிண்ணம். ஒருவர் இரு கையாலும் ஏந்திக் கொடுக்க, மற்றவர் இரு கையாலும் வாங்கிக் குடிக்க வேண்டும். இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்தால் வாள் எடுக்க முடியாது, அதனால் அது நம்பிக்கையின் கிண்ணம் என்பார்கள். விஸ்கிதான் வழக்கம், ஆனால் எதை ஊற்றினாலும் க்வேய்க் க்வேய்க்தான். நீங்கள் மது தொடாதவர்கள் என்றால் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். மணமக்கள் குடித்ததும் இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் கைமாறட்டும். மற்றொன்று, காசு வீசுதல். மணப்பெண் வீட்டிலிருந்து கிளம்பிக் காரில் ஏறும்போது தந்தை கைநிறையச் சில்லறையை அள்ளி வீச, காத்திருக்கும் தெருப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவார்கள். இதை 'ஸ்கிராம்பிள்' என்பார்கள். இங்கே திருமணத்தில் பெண்ணின் தந்தைக்குச் சொந்தமான மிக மகிழ்ச்சியான நிமிடம் அதுதான். உங்கள் கணவரிடம் ஒரு பை நிறையச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேக்பைப் வாசிப்பவர் ஒருவர் போதும். விருந்தினர் வரும்போது வெளியில், மணப்பெண்ணை அழைத்து வரும்போது, சடங்கு முடிந்து மணமக்களை முன்னே நடத்திச் செல்லும்போது என மூன்று முறை வாசிப்பார். நாதஸ்வரம் போல அதுவும் திறந்தவெளிக்கு உரிய வாத்தியம். சிறிய அறைக்குள் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டில் உங்களுக்குக் கவலை வேண்டாம். ஹேகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸும் வெங்காயமும் மசாலாவும் சேர்த்து வேகவைப்பது. பருப்பும் ஓட்ஸும் சேர்த்த சைவ ஹேகிஸும் எங்கும் கிடைக்கிறது, உண்மையிலேயே சுவையானது. கிழங்கு மசியலோடு அதை ஒரு சிறு பங்காக எல்லோருக்கும் கொடுங்கள். இனிப்புக்கு ராஸ்பெர்ரி, வறுத்த ஓட்ஸ், பாலேடு, தேன் கலந்த க்ரானகன். அதில் விஸ்கி சேர்ப்பார்கள், வேண்டாதவர்களுக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். விருந்தினருக்குக் கையில் கொடுத்தனுப்ப 'டேப்லெட்' வாங்குங்கள். சர்க்கரையும் வெண்ணெயும் சுண்டிய பாலும் சேர்ந்த அந்த வில்லை நம் பால்கோவா நாக்குக்கு உடனே பிடித்துவிடும். இரவு பத்து மணிக்கு மீண்டும் ஒரு சிற்றுணவு உண்டு. பெரும்பாலும் ஸ்டோவிஸ் என்னும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்த பண்டம்; சைவத்துக்கு வேறு ஒன்று கேட்டு வையுங்கள். ஆடிக் களைத்தவர்களுக்கு அது தேவைப்படும்.

ஆட்டம் என்றேன். மரத்தரை கேட்டதும் அதற்காகத்தான். இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்கும் கேய்லிதான் இந்த மரபின் உயிர் என்று நான் நம்புகிறேன். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள், ஒருவரை ஒருவர் பார்க்க வந்து கூடுவது. ஃபிடில், அக்கார்டியன், டிரம் கொண்ட சிறு குழு வாசிக்கும். 'காலர்' ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அடிகளை நடத்திக் காட்டி, ஆட்டத்தின்போது அடுத்த அடியைக் கூவிச் சொல்வார். எதுவும் தெரியாதவர்களுக்காகவே அமைந்த முறை இது. முதலில் 'கே கார்டன்ஸ்', இணை இணையாக வட்டமாக நடந்து திரும்புவது, எளிது. 'டாஷிங் ஒயிட் சார்ஜென்ட்' மும்மூவராக ஆடுவது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய மூவர் எதிரே வருவார்கள், அதனால் கோவை அத்தையும் இன்வர்னெஸ் மாமாவும் அறிமுகமே இல்லாமல் கைகோத்துவிடுவார்கள். 'ஸ்ட்ரிப் தி வில்லோ' வேகமானது, வரிசையில் ஒவ்வொருவரோடும் முழங்கை கோத்துச் சுழல்வது.

இந்தக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் குறைக்காதீர்கள். பூ அலங்காரத்தில் குறையுங்கள், நாற்காலி உறையில் குறையுங்கள். நல்ல காலர் ஒருவர் அமைந்தால் மொழியே புரியாத இரண்டு குடும்பங்கள் ஒரு மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு மூச்சு வாங்கும். காலரிடம் முன்பே பேசி, கோவைக் கூட்டம் வருகிறது, மெதுவாகச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் ஆடுவதற்கு முன்பு புடவை மடிப்பையும் முந்தானையையும் நன்றாக ஊசி குத்திக்கொள்ளட்டும், அல்லது சல்வாருக்கு மாறிக்கொள்ளட்டும். உயர்ந்த குதிகால் செருப்பு வேண்டாம். ஆட முடியாத பெரியவர்களுக்குச் சுவரோரம், ஆட்டம் தெரியும்படி நல்ல நாற்காலிகள் போடுங்கள். அவர்களை வேறு அறையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

நள்ளிரவு நெருங்கும்போது எல்லோரையும் ஒரே வட்டமாக நிற்கவைத்து, ராபர்ட் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' பாடி முடிப்பார்கள். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்வது வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறு. முதலில் பக்கத்தில் இருப்பவரின் கையைச் சாதாரணமாகப் பிடித்திருங்கள். "இதோ என் கை, நண்பனே" என்ற பொருள் தரும் கடைசிச் சரணம் வரும்போதுதான் குறுக்காகக் கோக்க வேண்டும். இதை உங்கள் ஊர் ஆட்களுக்குப் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கவனிப்பார்கள்.

அன்று பகலில் சடங்கு முடிந்ததுமே மணமக்களும், நடத்திவைத்தவரும், 16 வயது நிறைந்த இரண்டு சாட்சிகளும் ஷெட்யூலில் கையெழுத்திட்டிருப்பார்கள். சாட்சிகளில் ஒருவர் உங்கள் வீட்டவராக இருக்கட்டும் என்று கேளுங்கள், தர மறுக்க மாட்டார்கள். அந்தத் தாள் மூன்று நாட்களுக்குள் பதிவாளரிடம் திரும்பிப் போக வேண்டும். மணமக்கள் தேனிலவுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், எடுத்துச் செல்லப்போவது யார் என்று இப்போதே ஒருவர் பெயரை எழுதிவிடுங்கள். உள்ளூர்க்காரராக, மறுநாள் காலையில் தெளிவாக எழுந்திருக்கக் கூடியவராக இருந்தால் நல்லது. பதிவான பிறகு கிடைக்கும் திருமணச் சான்றிதழில் இரண்டு, மூன்று பிரதிகள் சேர்த்தே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் ஒன்று தேவைப்படும், மகளின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க இன்னொன்று.